வெல்டிங் இல்லாத இன்ஜின்!

ஜவ்வாது மலைக்கு நான் போனது தேனும் சாமை அரிசியும் வாங்க. திரும்பும்போது பையில் ஒரு பாட்டில் தேன், இரண்டு கிலோ சாமை, தலைக்குள் ஒரு ராக்கெட் இன்ஜின்! முதல் இரண்டையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டேன். மூன்றாவதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

கூட வந்தவன் என் பள்ளிக்கூட நண்பன். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஆர்கான் வெல்டிங் செட், பதினோரு பையன்கள். 'என் பேரைப் போடாதே. மூணு பேருக்கு கடன் பாக்கி இருக்கு' என்று கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை முழுக்க அவன் பெயர் 'பட்டறை'.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம். அங்கிருந்து மேலே ஏறினால் காவலூர். 1960-களில் வைணு பாப்பு என்ற வானியல் விஞ்ஞானி, ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடி அலைந்து கண்டுபிடித்த இடம். 1968-ல் தங்கள் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்ட அந்த மார்ச் 10-ம் தேதி ராத்திரி, காவலூரும் கண்ணை விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வந்ததுதான் 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி. 1986 ஜனவரி 6-ம் தேதி ராஜீவ் காந்தி திறந்து வைத்து, பாப்புவின் பெயரைச் சூட்டினார். பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1982-லேயே போய்விட்டார்.

எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். பட்டறை மட்டும் அதைத் தாங்கி நிற்கிற இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ பெரிய ஃபேப்ரிகேஷன் எங்கடா பண்ணாங்க?"

மகாராஷ்டிராவில், வால்சந்த்நகர் தொழிற்சாலையில். சர்க்கரை ஆலைக்கு இயந்திரம் செய்கிறவர்கள். இஸ்ரோவின் ராக்கெட்டுகளுக்கும் பாகங்கள் செய்து கொடுத்தவர்கள். இதைச் சொன்னதும் பையனுக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம். "பார்த்தியா! ஆகாசத்தைப் பார்க்கறதுக்கும் வெல்டர் வேணும், ஆகாசத்துக்குப் போறதுக்கும் வெல்டர் வேணும்!"

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இல்லடா, சென்னையில் ஒரு கம்பெனி ஜாயின்ட்டே இல்லாம, ஒரு துளி வெல்டிங் இல்லாம ராக்கெட் இன்ஜினை பிரின்ட் போட்டு எடுக்கறாங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

"பிரின்ட்டா? கல்யாணப் பத்திரிகை மாதிரியா? விடுறா டேய்!"

ஆலங்காயம் டீக்கடையில் ஆரம்பித்த சண்டை ஆம்பூர் பிரியாணியைத் தாண்டியும் முடியவில்லை. நானோ பி.காம்., அவனோ ஐ.டி.ஐ. ராக்கெட் பற்றி வாதாட இதைவிடப் பொருத்தமான இரண்டு பேர் கிடைக்கமாட்டார்கள்!

கம்பெனியின் பெயர் அக்னிகுல் காஸ்மாஸ். 2017-ல் ஆரம்பித்தது. இடம், சென்னை ஐ.ஐ.டி. ஆரம்பித்தவர்கள் ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் எஸ்.பி.எம். கூடவே ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தி. எரிதல் என்கிற ஒரே விஷயத்தை ஆயுசு முழுக்க ஆராய்ந்தவர்.

இதில் ஸ்ரீநாத்தின் கதை எங்கள் பி.காம். கோஷ்டிக்கு ரொம்பப் பிடிக்கும். கிண்டியில் எலெக்ட்ரிக்கல் படித்தார். அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிதி சம்பந்தமான பட்டம் வாங்கினார். நியூயார்க்கில் பணம் புழங்கும் வேலை. சாதாரணமாக நம் வீடுகளில் இந்த இடத்தில் ஜாதகம் எடுப்பார்கள். இவர் வேலையை விட்டுவிட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மறுபடி மாணவராகச் சேர்ந்து விண்வெளிப் பொறியியல் படித்தார். அதற்கப்புறம் ஊருக்கு வந்து ராக்கெட். வட்டிக் கணக்கு தெரிந்தவர் ராக்கெட் செய்கிறார் என்றால் அதில் ஏதோ கணக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தக் கணக்குக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அடுப்பு.

அடுப்பேதான். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பம்ப் ஸ்டவ் இருந்தால் இறக்கிப் பாருங்கள். பித்தளைத் தொட்டியில் கிருஷ்ணாயில். பம்ப் அடித்தால் காற்று அழுத்தி, எண்ணெய் குழாய் வழியே மேலே ஏறும். சூடான பர்னருக்குள் வளைந்து வளைந்து போய், தானும் சூடாகி ஆவியாகி, ஊசிமுனை ஓட்டை வழியே பீறிட்டு, வெளிக்காற்றோடு கலந்து 'புஸ்ஸ்ஸ்' என்று நீலமாக எரியும். ஓட்டை அடைத்துக்கொண்டால் பின் குத்த வேண்டும். பின்னைத் தேடி அம்மா வீடு முழுக்க அலைவாள்.

அக்னிகுல் இன்ஜினும் கிருஷ்ணாயில் ஜாதிதான். விமானத்துக்கு ஊற்றுகிற சுத்தமான மண்ணெண்ணெய். ஆனால் மேலே போகப் போகக் காற்று கிடையாதே? அதனால் ஆக்ஸிஜனையும் கையோடு கொண்டு போகவேண்டும். வாயுவாகக் கொண்டு போனால் சிலிண்டர் கனமே ஆளைக் கொன்றுவிடும். எனவே திரவமாக. ஆக்ஸிஜன் திரவமாக இருக்கவேண்டுமானால் மைனஸ் 183 டிகிரிக்குக் கீழே குளிர வைக்கவேண்டும். அக்னிகுல்காரர்கள் அதையும் தாண்டி இன்னும் குளிர வைக்கிறார்கள். குளிர்ந்தால் அடர்த்தி கூடும். அதே தொட்டியில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். நெல்லை மரக்காலில் குலுக்கி அளக்கிற வியாபாரியின் புத்தி!

ஒரு திரவம் மட்டும் அதிகுளிர், இன்னொன்று சாதாரணம். அதனால் இந்த ஜாதி இன்ஜினுக்கு 'செமி கிரையோஜெனிக்' என்று பெயர். தீபாவளி ராக்கெட் வேறு ஜாதி. அது மருந்தைக் கெட்டித்து அடைத்தது. பற்ற வைத்தால் தீர்கிறவரை எரியும், நடுவில் நிறுத்த முடியாது. திரவ இன்ஜினில் குழாயைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம், அணைக்கலாம். வெடிக்கவும் வைக்கலாம் (இது யாரும் விரும்பிச் செய்வதில்லை).

கெட்டி மருந்து ராக்கெட்டுக்கும் இந்த மலைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ஜவ்வாது மலைக்குத் தெற்கே இருக்கிற செங்கம் கணவாயில்தான் 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் கர்னல் ஸ்மித்தின் படையும் மோதின. மைசூர் ராக்கெட்டின் சூட்சுமம் மருந்தில் இல்லை. மற்ற ஊரில் மூங்கிலிலும் காகிதத்திலும் அடைத்ததை இவர்கள் இரும்புக் குழாயில் அடைத்தார்கள். குழாய் தாங்கியது, அழுத்தம் கூடியது, ராக்கெட் அதிக தூரம் போனது. பின்னால் வெள்ளைக்காரர்கள் அதை லண்டனுக்கு எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்து காப்பி அடித்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. 'என்ன எரிகிறது' என்பதைவிட 'எதற்குள் எரிகிறது' என்பதுதான் அன்றைக்கும் விஷயம்.

இன்றைக்கும் அதுதான்.

திரவ எரிபொருள் ராக்கெட் ஒன்றும் புதுசு இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் காடார்ட் 1926 மார்ச் 16-ம் தேதி பெட்ரோலையும் திரவ ஆக்ஸிஜனையும் கலந்து பற்ற வைத்தார். இரண்டரை வினாடி பறந்தது. சுமார் 12 மீட்டர் உயரம். நம்ம ஊர்த் தென்னை மரத்தைத் தாண்டவில்லை! அங்கிருந்து நிலவுக்குப் போகிறவரை எல்லா இன்ஜினிலும் ஒரே தலைவலி: உள்ளே 3,000 டிகிரிக்கு மேல் வெப்பம். எந்த உலோகமும் தாங்காது. இவர்கள் உபயோகிக்கிற இன்கோனல் என்கிற நிக்கல் கலவையே 1,300-ஐத் தாண்டினால் உருக ஆரம்பித்துவிடும். அப்புறம் இன்ஜின் எப்படி உருகாமல் நிற்கிறது?

நம் பம்ப் ஸ்டவ் செய்வதைத்தான் செய்கிறார்கள். மண்ணெண்ணெயை நேராக எரிக்கவிடாமல், முதலில் இன்ஜினின் சுவருக்குள்ளேயே நரம்பு மாதிரி ஓடுகிற சன்னமான வாய்க்கால்களில் சுற்ற விடுகிறார்கள். சுவரின் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. சுவர் பிழைக்கிறது. சூடேறின எண்ணெய் பிறகு உள்ளே போய் எரிகிறது. பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்தி மேல் காட்டினால் தண்ணீர் சூடாகுமே தவிர கப் எரியாது, ஞாபகம் இருக்கிறதா? ஆறாம் வகுப்பு அறிவியல். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதுவது சுலபம். சுவருக்குள் வாய்க்கால் எப்படி வெட்டுவது? பட்டறை இதைக் கேட்டதும் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு டிஷ்யூ பேப்பரில் படம் போட ஆரம்பித்துவிட்டான். உள்சுவரைத் தனியாகக் கடைய வேண்டும். அதன் முதுகில் வரிவரியாகப் பள்ளம் வெட்ட வேண்டும். அதற்கு மேல் வெளிச்சுவரைப் போர்த்தி, உலையில் வைத்துப் பற்ற வைத்து ஒட்ட வேண்டும். எண்ணெயும் ஆக்ஸிஜனும் பீய்ச்சுகிற தட்டு தனி. அதில் நூற்றுக்கணக்கான துளைகள். அதை மேலே வைத்து வெல்டிங். பற்ற வைக்கிற கருவி தனி. குழாய்கள் தனி. ஒவ்வொரு ஒட்டையும் எக்ஸ்ரே எடுத்து, அழுத்தம் கொடுத்து, குமிழி வருகிறதா என்று பார்த்து...

"ஆறு மாசம்டா. குறைஞ்சது. ஒரு ஒட்டு பிசகினாலும் ஆளே மேல போயிடுவான், ராக்கெட் இல்லாமலே!"

சரியாகச் சொன்னான். இன்ஜினில் வேலை அதிகம் சாப்பிடுவது ஒட்டுகளும் அந்த ஒட்டுகளின் பரிசோதனையும்தான். எங்கள் காஸ்டிங் பாடத்தில் சொல்வோமே, பொருளின் விலை கொஞ்சம், அதைச் சரிபார்க்கிற சம்பளம் மலை. அதே சங்கதி.

அக்னிகுல் கேட்ட கேள்வி: ஒட்டே இல்லாவிட்டால்?

வாசலில் கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவுக்குப் பதில் இன்கோனல் பொடி. ஒரு மேஜை மேல் பொடியைப் பரப்புகிறது மெஷின். தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த ஒரு படலம். மேலிருந்து லேசர் வந்து, எங்கே உலோகம் வேண்டுமோ அங்கே மட்டும் பொடியை உருக்கிக் கெட்டியாக்குகிறது. வாய்க்கால் வரவேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அதற்கு மேல் இன்னொரு படலம் பொடி. மறுபடி லேசர். கோலத்தின் மேல் கோலம், அதன் மேல் கோலம் என்று ஆயிரக்கணக்கில். முடிந்ததும் ஒட்டாத பொடியை உதறிக் கொட்டினால் உள்ளே முழு இன்ஜின் நிற்கும். சுவர், வாய்க்கால், பீய்ச்சுகிற தட்டு, கூம்பு எல்லாம் ஒரே துண்டு. மூன்று நான்கு நாளில் ஒன்று வந்துவிடும் என்கிறது கம்பெனி. இன்ஜினுக்கு வைத்த பெயர் அக்னிலெட்.

மற்றவர்களும் பிரின்ட் போடுகிறார்கள். நியூசிலாந்தில் பிறந்த ராக்கெட் லேப் கம்பெனி பாகம் பாகமாக அச்சிட்டுப் பூட்டியே 2018 ஜனவரியில் சுற்றுப்பாதையைத் தொட்டுவிட்டது. பாகமே வேண்டாம், முழுசும் ஒரே அச்சு என்பது இவர்களுடைய பிடிவாதம். அதற்குக் காப்புரிமையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். 2022 ஜூலையில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் 'ராக்கெட் ஃபேக்டரி - 1' என்று ஒரு கூடத்தைத் திறந்தார்கள். டாடா சன்ஸ் சந்திரசேகரனும் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத்தும் வந்திருந்தார்கள். ஃபேக்டரி என்றதும் புகைபோக்கியைத் தேடாதீர்கள். பிரின்டர் இருக்கிற ஹால்!

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. பட்டறைதான் எடுத்துக் கொடுத்தான். பத்துத் துண்டாக இருந்தால் ஒன்று கெட்டால் ஒன்றை மாற்றலாம். ஒரே துண்டில் நடுவில் ஒரு விரிசல் வந்தால்? முழு இன்ஜினும் காயலான்கடைக்கு. அதுவும் விரிசல் உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வாய்க்காலுக்குள் சிட்டிகைப் பொடி மாட்டிக்கொண்டாலும் போச்சு, அந்த இடத்தில் எண்ணெய் ஓடாது, சுவர் உருகும். (அங்கே பின் குத்தவும் முடியாது.) ஆக, வெல்டிங்கைப் பரிசோதிக்கிற வேலை போய், உள்ளே பார்க்க முடியாததைப் பரிசோதிக்கிற வேலை வந்திருக்கிறது. அதற்கு ஒரே மருந்து, எரித்துப் பார்ப்பதுதான். கெட்டால் நான்கு நாளில் இன்னொன்று வரும் என்கிற தைரியத்தில் எரித்துப் பார்க்கலாம். எனக்கு இதில் பிடித்த விஷயம் அந்தத் தைரியம்தான். ஆறு மாதம் உழைத்துச் செய்த பொருளைக் கெடுத்துப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

எரித்தார்கள். 2021 தொடக்கத்தில் முதல் வெற்றி. 2022 நவம்பர் 4-ம் தேதி திருவனந்தபுரம் தும்பாவில், இஸ்ரோவின் மேடையில் 15 வினாடி. அன்றைக்கு அந்த இன்ஜினின் தள்ளுவிசை 1.4 கிலோ நியூட்டன். நம் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 140 கிலோவைத் தாங்கிப் பிடிக்கிற பலம். இரண்டு குண்டு ஆசாமிகளைத் தூக்கலாம். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் இருக்கிற 'விகாஸ்' இன்ஜினின் பலம் சுமார் 80 டன். அது 1970-களில் நம் ஆட்கள் பிரான்ஸுக்குப் போய் வேலை செய்து கற்றுக்கொண்டு வந்து, நெல்லைச் சீமை மகேந்திரகிரியில் எரித்து எரித்துப் பக்குவப்படுத்தியது. இஸ்ரோ சொந்தமாக உருவாக்கி வருகிற செமி கிரையோ இன்ஜினின் இலக்கு 200 டன். அதன் முக்கியமான ஒரு பாகத்தை 2025 மார்ச் 28-ல்தான் மகேந்திரகிரியில் முதல் முறையாக வெற்றிகரமாக எரித்தார்கள். யானைக்கு முன்னால் அக்னிலெட் அணில்.

ஆனால் அணில் முதலில் பறந்துவிட்டது!

இஸ்ரோவின் கதவு தனியாருக்குத் திறந்தது 2020-ல். அந்த டிசம்பரிலேயே அக்னிகுல் ஒப்பந்தம் போட்டுவிட்டது. ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் தனக்கென்று ஒரு ஏவுதளமே கட்டிக்கொண்டது. பெயர் 'தனுஷ்' (நடிகரை நினைக்காதீர்கள், வில்!). இந்தியாவில் ஒரு தனியார் கம்பெனியின் முதல் ஏவுதளம். ராக்கெட்டின் பெயர் அக்னிபான். முதல் பரிசோதனைக்கு ஒரே ஒரு இன்ஜின், ஆறேகால் மீட்டர் உயரம். இரண்டு மாடி வீட்டுச் சுவரில் சாய்த்து வைக்கலாம். இன்ஜினின் பலம் இப்போது 6 கிலோ நியூட்டன் ஆகியிருந்தது.

2024 மார்ச் 22. கிளம்பவில்லை.

ஏப்ரல் 6. இல்லை.

ஏப்ரல் 7. இல்லை.

மே 28. கவுன்ட் டவுன் கடைசி வினாடிகள் வரை ஓடியது. பற்ற வைக்கிற கருவியில் சந்தேகம். நிறுத்து!

நான்கு முறை. உங்கள் ஆபீசில் ஒரு புதுத் திட்டத்தை நான்கு முறை தள்ளிப்போட்டுப் பாருங்கள். மேனேஜர் எப்படிப் பார்ப்பார்? கேண்டீனில் என்ன பேசுவார்கள்? இவர்களுக்குப் பத்திரிகைகளே எழுதின. இத்தனைக்கும் அடுத்தவர் பணம் வேறு. 2023 அக்டோபரில்தான் முதலீட்டாளர்களிடம் ஏறக்குறைய 200 கோடி ரூபாய் திரட்டியிருந்தார்கள். கடைசி ஐந்து, பத்து வினாடியில், 'பரவாயில்லை, விட்டுப் பார்ப்போம்' என்று ஒருத்தர் வாய் தவறிச் சொன்னால் போதும். சொல்லவில்லை. கெட்டி மருந்து ராக்கெட்டாக இருந்தால் ஒரு தடவை திரி வைத்துவிட்டுக் கும்பிடலாம். குழாய் வைத்த ராக்கெட்டில் குழாயை மூடவும் மனசு வேண்டும். என்னைக் கேட்டால், மே 30-ம் தேதியைவிட மே 28-ம் தேதிக்குத்தான் அவர்களுக்கு மாலை போடவேண்டும்.

மே 30, காலை 7.15. நேரடி ஒளிபரப்பு கிடையாது. ஊரைக் கூட்டவில்லை. அக்னிபான் எழுந்தது. சாதாரணமாக இந்த அளவு சின்ன ராக்கெட்டுகளைத் தண்டவாளம் மாதிரி ஒரு கம்பியில் சாய்த்து வைத்து விடுவார்கள். கம்பி காட்டின திசையில் போகும். இது அப்படியில்லை. பெரிய ராக்கெட் மாதிரி நேராக எழும்பி, தன் புத்தியில் தானே வளைந்து, போகச் சொன்ன பாதையில் போய், வங்கக் கடலில் விழுந்தது. ஒரே துண்டாக அச்சிட்ட செமி கிரையோ இன்ஜினில் உலகத்தில் முதலில் பறந்த ராக்கெட் என்று அறிவித்தார்கள். செமி கிரையோ என்று எடுத்துக்கொண்டால் இந்தியாவிலேயே முதல் முறை. வாகனத்துக்குப் பொறுப்பாளர், திட்டத்துக்குப் பொறுப்பாளர் இருவருமே பெண்கள். ஹைதராபாத்தின் ஸ்கைரூட் கம்பெனி 2022 நவம்பர் 18-ம் தேதியே தனியார் ராக்கெட் விட்டுவிட்டது. ஆனால் அது கெட்டி மருந்து.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது வண்டி வாலாஜா தாண்டியிருந்தது. பட்டறை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "அப்போ என் பசங்க?"

இதற்கு நான் தயாராக இல்லை. ஏதோ சொன்னேன். அச்சான இன்ஜினை அடித்தட்டிலிருந்து அறுத்து எடுக்க ஆள் வேண்டும். உலையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். மரை போட லேத் வேண்டும். ராக்கெட்டின் தொட்டி, பரிசோதனை மேடையில் ஆக்ஸிஜன் ஓடுகிற துருப்பிடிக்காத குழாய், ஏவுதளத்தில் கிலோமீட்டர் கணக்கில் பைப் லைன்... மைனஸ் 183 டிகிரி ஓடுகிற குழாயில் ஒட்டு பிசகினால் என்ன ஆகும்? அங்கே உன் ஆர்கான் இல்லாமல் நடக்குமா?

"நடக்காது" என்றான். "ஆனா பைப் லைன் ஒரு தடவை போட்டா பத்து வருஷம் கிடக்கும்டா. இன்ஜின்தான் மாசாமாசம் வேணும். மாசாமாச வேலையை மெஷின் எடுத்துக்கிச்சு, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வேலையை எனக்கு விட்டுருக்கு."

பி.காம். படித்தவனுக்கு ஐ.டி.ஐ. படித்தவன் எடுத்த வகுப்பு. பதில் என்னிடம் இல்லை. அவனுடைய பதினோரு பேரில் இரண்டு பேர் டிப்ளமா. அவர்களை பிரின்டர் பழக அனுப்பினால் என்ன செலவாகும் என்று மட்டும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறான். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்தக் கணக்கு.

சாட்டிலைட் என்றால் லாரி அளவு என்று நினைத்த காலம் போய்விட்டது. கல்லூரிப் பையன்கள் செய்கிற சாட்டிலைட் டிபன் கேரியர் சைஸில் இருக்கிறது. அதற்குத் தனி ராக்கெட் கிடையாது. பெரிய சாட்டிலைட் போகிற ராக்கெட்டில் மூலையில் இடம் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகவேண்டும். 2017 பிப்ரவரி 15-ம் தேதி பி.எஸ்.எல்.வி. 104 சாட்டிலைட்டுகளை ஒரே மூச்சில் ஏற்றிக்கொண்டு போனதே, தாம்பரம் பஸ் மாதிரி! பஸ்ஸில் சௌகரியம் உண்டு, கட்டணம் குறைவு. ஆனால் பஸ் கிளம்புகிற நேரத்துக்கு நாம் கிளம்ப வேண்டும். அது போகிற ரூட்டில்தான் இறங்க வேண்டும். 'எனக்கு வேறு உயரம், வேறு கோணம், அடுத்த மாதமே' என்கிறவனுக்கு ஆட்டோ தேவை. அக்னிபான் அந்த ஆட்டோ. இரண்டு அடுக்கு, 18 மீட்டர் உயரம், 300 கிலோவரை 700 கிலோமீட்டர் உயரத்தில் கொண்டு போய் வைக்கிற மாதிரி திட்டம். சவாரியின் கனத்தைப் பொறுத்து அடியில் நான்கு இன்ஜினோ ஏழு இன்ஜினோ பூட்டிக்கொள்ளலாம். வண்டியில் மாடு பூட்டுகிற மாதிரி.

கேட்க நன்றாக இருக்கிறது. இங்கேதான் காமர்ஸ் மூளை உறுத்துகிறது.

முதலாவது, மே 30-ல் நடந்தது வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து பார்த்த மாதிரி. மேலே போய்க் கடலில் விழுவது வேறு, விழாமல் பூமியைச் சுற்றுவது வேறு. சுற்றுவதற்கு வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஆலங்காயத்தில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் எடுப்பதற்குள் சென்னை வந்துவிடும்! அந்த வேகத்துக்கு ஒரு இன்ஜின் போதாது. ஏழும் ஒரே நேரத்தில் பற்றி, ஒரே மாதிரி எரியவேண்டும். ஒன்று எரிவதைக் காட்டியவர்கள் ஏழு எரிவதைக் காட்டவேண்டும். எலான் மஸ்க்கின் கம்பெனியே 2006, 2007, 2008 என்று மூன்று முறை கோட்டைவிட்டு நான்காவதில்தான் தேறியது. நம் எஸ்.எல்.வி.-3, 1979 ஆகஸ்டில் கடலுக்குப் போய், அடுத்த வருஷம் ஜூலையில் வானத்துக்குப் போனது.

இரண்டாவது, பஸ் முதலாளி சும்மா இருக்கவில்லை. அதே மஸ்க், 2021 ஜனவரியில் ஒரே ராக்கெட்டில் 143 சாட்டிலைட்டுகளை ஏற்றினார். அப்போது ஆரம்பக் கட்டணம் 200 கிலோவுக்குப் பத்து லட்சம் டாலர். ராக்கெட் உலகத்தில் இது சரவணபவனில் கையேந்தி பவன் விலை! ஆட்டோ விட வந்த பலர் இந்த அடியில் நசுங்கினார்கள். இங்கிலாந்துக் கோடீஸ்வரர் ரிச்சர்ட் பிரான்சனின் விர்ஜின் ஆர்பிட், சின்ன சாட்டிலைட்டுக்கென்றே விமானத்தின் இறக்கையிலிருந்து ராக்கெட் விட்டது. நான்கு முறை சுற்றுப்பாதைக்கு அனுப்பியும் காட்டியது. 2023 ஏப்ரலில் திவால் நோட்டீஸ். இன்ஜின் எரியாததால் அல்ல, கல்லாவில் பணம் எரிந்து தீர்ந்ததால்.

தூத்துக்குடிப் பக்கம் குலசேகரப்பட்டினத்தில் சின்ன ராக்கெட்டுகளுக்கென்றே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். தென் துருவத்தை நோக்கிப் போகிற ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கைக்கு மேலே பறக்கக்கூடாது என்று கடலுக்குள் வளைந்து போகவேண்டும். அந்த வளைவில் எரிபொருள் போகும். பெரிய ராக்கெட் தாங்கும். சின்ன ராக்கெட்டுக்கு அது சவாரிக் கூலியே போன மாதிரி. குலசையிலிருந்து நேராகத் தெற்கே விடலாம், குறுக்கே யாரும் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டுக்கு நல்ல இடம்தான்.

ஆகக்கூடி இது ஒட்டு இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவு என்பதில் வந்து நிற்கிறது. ஆறு மாத வேலை நான்கு நாள் ஆனால், வருஷத்தில் எத்தனை ராக்கெட்? ஒரு ராக்கெட்டுக்கு எத்தனை இன்ஜின்? பிரின்டரின் தேய்மானத்தை எத்தனை இன்ஜின் மேல் பங்கு போடுவது? நியூயார்க்கில் பணத்தோடு பழகிய ஸ்ரீநாத் இதையெல்லாம் என்னைவிட நன்றாகப் போட்டு வைத்திருப்பார். நான் பேப்பரில் போட்டுப் பார்த்ததில் ஒரு கட்டம் மட்டும் நிரம்பவில்லை: மூலையில் தொங்கிக்கொண்டு போகக் குறைந்த கட்டணம் கேட்கிற பஸ் நிற்கும்போது, தன் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிற ஆட்டோவுக்கு ஒருவன் எவ்வளவு வரை கொடுப்பான்?